கீழே திரும்பிய கொக்கி

பிணத்துக்குத் தைத்த காகிதச் செருப்பு.
இடது கால்.
துர்ஃபான் மணலில் பதினைந்து நூற்றாண்டு நடக்காமல் கிடந்தது.
அடித்தாளை ஆவியில் இளக்கி
மூங்கில் சீவலால் பொருக்குப் பொருக்காகப் பிரிக்கிறேன்.
எனக்குச் சம்பளம் இதற்குத்தான்.

முதல் தாள்: ஒட்டகத் தீவனக் கணக்கு.
அடுத்தது: யாரோ யாரிடமோ கேட்ட மன்னிப்பு, பாதி.
மூன்றாவது, கிழக்கிலிருந்து கழிவாய் விலைபோன
கிடங்கு ரசீது:
‘மக்களிடம் பெற்ற தினை முப்பத்தெட்டு மரக்கால்.
எழுதியவன், எழுத்தர் கெங் ஷிலான்.’

சீவல் நின்றுவிட்டது.

தூரிகை பிடித்தவர் எவருக்கும் தெரிந்த பெயர்.
லியாங்ஜோவில் அவர் எழுதிக்கொடுத்த கல் நிற்கிறது.
அது புகழ்ந்த ஆளுநரின் பெயரை
அடுத்த ஆட்சியிலேயே கொத்தி எடுத்துவிட்டார்கள்.
புகழ் இருக்கிறது, ஆள் இல்லை.
அந்தப் பள்ளத்தில் இப்போது குளவிக்கூடு.
கல்லை விட்டுவைத்தது எழுத்துக்காக,
எழுத்திலும் குறிப்பாக ஒன்றுக்காக:
மக்கள்.

ஐந்தே கோடுகள். ஐந்தாவது
வலப்புறம் சரிந்து இறங்கி, நுனியில்
தூண்டில் முள்ளாய் மேலே சுண்ட வேண்டும்.
எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள், எழுதுகிறார்கள்.
இவருடையது கீழே திரும்புகிறது,
நிலைவாசலில் இடித்துக்கொண்டவன் குனிவதுபோல.

அதற்கு எத்தனை பெயர்கள்!
காற்றுக்கு இசையாத நாணல்.
உறைக்குத் திரும்பும் வாள்.
முந்நூறு பக்கம் எழுதிய ஒருவர்
அதில் துறவைக் கண்டார்.
தேர்வுக்குப் போனவர்கள் ஈரத் தூரிகையால்
செங்கல்மேல் எழுதி எழுதிச் செங்கல்லைத் தேய்த்தார்கள்.
எங்கள் பள்ளி நகல்புத்தகத்திலும் அதே கோடு,
அறுபது கட்டங்களில்.

ரசீதில் கொக்கி மேலே போகிறது.

விளக்கை இழுத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன்.
மேலேதான்.
சாப்பாட்டுக்கு எழப்போகிறவன்
அவசரமாய் முடித்த எழுத்து.
தேதி, கல் நட்டதற்கு எட்டு மாதம் முன்.
கல்லுக்குப் பிந்தைய கடிதங்கள் ஏழு இருக்கின்றன.
ஏழிலும் கீழே.

இனி நான் சொல்வதற்கு ஆதாரம் கேட்காதீர்கள்.

கல்லின் விளிம்பில், பாசிக்கு அடியில்
கல்தச்சன் பெயர்: ஹௌ எர்நியூ. இரண்டாம் எருது.
அதையும் கெங்தான் எழுதிக்கொடுத்திருப்பார்,
அவனுக்குப் படிக்க வராது.
பனிக்காலம். விரல் மரத்திருந்தது.
கல்லைப் பன்னிரண்டு காதம்
பதினாறு எருதுகள் இழுத்து வந்து, இரண்டு செத்திருந்தன.
உளி வழுக்கியது.
பழுதுக்கு எண்பது மூங்கிலடி.
மறுநாள் ஆளுநர் வந்து
விரலை நேராக அங்கேயே வைக்கிறார்: இது என்ன?

‘நான் அப்படித்தான் எழுதுவேன்.’

ஒரு வாக்கியம்தானே,
அத்தோடு தீர்ந்தது என்று நினைத்திருப்பார்.
ஆளுநருக்கோ சந்தேகக் கண்.
அடுத்த ரசீதில், வரி மனுவில்,
மைத்துனனுக்கு எழுதிய கடன் பத்திரத்தில்,
மேலே போகத் துடித்த கையை
ஒவ்வொரு முறையும் கீழே இழுத்தார்.
ஆளுநர் தொலைந்த பிறகும். இருபத்தாறு ஆண்டு.
எர்நியூ நன்றி சொன்னானா,
அல்லது அடுத்த ஊர் வேலைக்குப் போய்
மறந்தே போனானா, தெரியாது.

மணிக்கட்டு வாதமாக இருக்கும், என்கிறார் இயக்குநர் யின்.
எட்டே மாதத்திலா என்றால்
என் கோப்பையில் தேநீர் ஊற்றுகிறார்.

அறிக்கையில் எழுதினேன்:
‘ஐந்தாம் கோடு. கொக்கி, மேல்நோக்கி.’
அதற்குமேல் ஒரு சொல் சேர்க்கவில்லை.

மாலையில் கூரியர் பையன் வந்தான்.
மாதிரிகள் அனுப்ப வேண்டும், முகவரி எழுதினேன்:
பதினேழு, மக்கள் சாலை.
தலையைச் சாய்த்துப் பார்த்தான்.
‘அக்கா, எழுத்து தப்பு. கொக்கி மேலே வரணும்.’

பார்த்தேன். கீழேதான் கிடந்தது.

‘நான் அப்படித்தான் எழுதுவேன்,’ என்றேன்.

வலது செருப்பை இன்னும் பிரிக்கவில்லை.